ரெண்டு தடவை டெஃபனட்லி

எங்கள் வீட்டில் ‘இல்லை’ என்ற சொல் புழக்கத்திலிருந்து போய்ப் பல வருஷங்கள் ஆகின்றன. அரிசி டப்பா காலியானால் “அரிசி நிறைஞ்சிருக்கு” என்பாள் அம்மா. இல்லை என்று சொன்னால் லட்சுமி கோபித்துக்கொண்டு படியிறங்கிப் போய்விடுவாளாம். சிட்லபாக்கத்தில் எங்களைப் போன்ற வீடுகளில் எல்லாம் இதே கதைதான். சரி, அரிசியோடு நிறுத்திக்கொண்டார்களா என்றால் அதுவும் கிடையாது. மனிதர்களிடமும் ஆரம்பித்தார்கள். யாராவது கொலுவுக்குக் கூப்பிட்டு, போகிற உத்தேசமே இல்லையென்றால், “கண்டிப்பா வரேன்.” அந்த நல்ல தமிழ் வார்த்தையைத் தேய்த்துத் தேய்த்து ஓட்டையாக்கிவிட்டு, அப்புறம் இங்கிலீஷில் கை வைத்தார்கள். இப்போது எல்லாம் “டெஃபனட்லி”தான்.

என் அம்மா ரமாவிடம் இதற்கு ஒரு கணக்கே உண்டு. யாராவது ஒரு தடவை டெஃபனட்லி என்றால் சந்தேகம். இரண்டு தடவை என்றால் கிடையவே கிடையாது. கையைப் பிடித்துக்கொண்டு சொன்னால் இந்த ஜன்மத்தில் எதிர்பார்க்க வேண்டாம்.

அப்பா யக்ஞநாராயணன் நேர் எதிர். ஆபீஸில் காலம் பூராவும் இங்கிலீஷில் குறிப்பெழுதி ரிட்டையர் ஆனவர். “டெஃபனட்லின்னா நிச்சயமான்னு அர்த்தம். டிக்‌ஷனரியைப் பாரேன்” என்பார். டிக்‌ஷனரி தாம்பரம் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை என்பதை அவருக்கு யார் சொல்வது?

இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் என் கல்யாணம் போய் மாட்டிக்கொண்டது.

நான் சுப்ரஜா. முப்பத்தொரு வயது, நாவலூரில் வேலை. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் பஜ்ஜியைத் தின்றுவிட்டு, “டெஃபனட்லி போன் பண்றோம்” என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். ஒருத்தரும் பண்ணவில்லை. எனக்கும் வருத்தமில்லை. அதில் ஒருவன், தான் பேஸிக்கலி ரொம்ப சிம்பிள் என்பதை முக்கால் மணி நேரம் விளக்கினான். போன் வராததற்குப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்திருக்கலாம்.

பல்லாவரத்திலிருந்து கேஷவ் வந்தபோதுதான் விஷயம் மாறியது. மனிதர் பஜ்ஜியைக் கடித்தார், மென்றார், “மாமி, உள்ள மாவு வேகலை” என்றார். அவருடைய அம்மா ஹேமாவதி மாமி, “ஐயோ, ரொம்ப நன்னாருக்கு மாமி, டெஃபனட்லி!” என்று அவசரமாக இன்னொன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பாவம், அதுவும் வேகாததுதான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்குத் தெரிந்து எங்கள் கூடத்தில் உட்கார்ந்து உண்மை பேசிய முதல் ஆள் அவர்தான். அந்த நிமிஷமே எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது.

கிளம்பும்போது ஹேமாவதி மாமி, “ஆத்துல கலந்து பேசிட்டு டெஃபனட்லி கூப்பிடறோம்” என்றார்.

கதவைச் சாத்தியதும் அம்மா, “போச்சு” என்றாள்.

“ஏன்டி போச்சு? டெஃபனட்லின்னாளே!” என்றார் அப்பா.

“அதனாலதான் போச்சுங்கறேன்.”

கேஷவின் நம்பர் என்னிடம் இருந்தது. “முந்திரிக்கொட்டை மாதிரி நீ எதாவது மெசேஜ் அனுப்பி வைக்காதே. பெரியவா பேசிப்பா” என்று அம்மா உத்தரவு போட்டிருந்தாள். பெரியவர்கள் பேசுகிற லட்சணத்தைப் பிறகு பார்த்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் நம்பிக்கையைக் கைகழுவிவிட்ட பிறகு, போன் வந்தது. அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

“நடுவுல ஒரு தீட்டு வந்துடுத்து மாமி, அதான் லேட். எங்க எல்லாருக்கும் சுப்ரஜாவைப் பிடிச்சிருக்கு. நீங்க என்ன சொல்றேள்?” என்று கேட்டார் ஹேமாவதி மாமி.

அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. சந்தோஷம் தாங்காமல், “டெஃபனட்லி மாமி! டெஃபனட்லி!” என்றாள்.

ஹேமாவதி மாமி, “ஓ... சரி மாமி. அப்போ பாக்கலாம்” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

“சம்மதம்னு சொல்லித் தொலைக்கக் கூடாதாம்மா?” என்று கத்தினேன்.

“சட்டுனு சம்மதம்னா பொண்ணாத்துக்காரா அலையறான்னு நினைச்சுப்பா. டெஃபனட்லின்னா கொஞ்சம் கௌரவமா இருக்கும்.”

“ரெண்டு தடவைன்னா உன் கணக்குல என்னம்மா அர்த்தம்?”

“அது வேற, இது வேற. குரல்லயே தெரியாதா?”

அப்பாவோ, டிக்‌ஷனரி ஜெயித்துவிட்ட குஷியில், மறுநாளே மேற்குத் தாம்பரத்தில் மண்டபம் பார்க்கப் போய்விட்டார். சாப்பாட்டுக் கூடத்தில் மின்விசிறி போதாது என்று குறை வேறு. வாரங்கள் போயின. பல்லாவரத்திலிருந்து போன் இல்லை. நீயே கூப்பிடேன் என்றால் அம்மா, “பாக்கலாம்னு சொன்னவா அவா. அவாதான் கூப்பிடணும்” என்றாள். அப்பா, “டெஃபனட்லி கூப்பிடுவா” என்றார். இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு நான் தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியில் எனக்குப் பொறுக்கவில்லை. முந்திரிக்கொட்டை என்றால் முந்திரிக்கொட்டை. மத்தியானம் ஆபீஸ் வாசலுக்கு வந்து, டீக்கடை ஓரமாக நின்று, கேஷவுக்குப் போன் செய்தேன்.

“சுப்ரஜாவா?” என்று திடுக்கிட்டார். கொஞ்சம் இழுத்துவிட்டு, “எனக்குப் போன வாரம் நிச்சயம் ஆயிடுத்து. சேலையூர்ல” என்றார்.

“நாங்கதான் சம்மதம்னு சொன்னோமே?”

“சம்மதம்னு யார் சொன்னா? உங்கம்மா ரெண்டு தடவை டெஃபனட்லின்னாளாம். ஒரு தடவை சொல்லியிருந்தாலாவது இன்னொரு தரம் கேட்டுப் பாத்திருப்பேன்டான்னு அம்மா வருத்தப்பட்டா. அவாளுக்கு இஷ்டமில்லை, தொந்தரவு பண்ணக் கூடாதுன்னுதான் விட்டோம்.”

அடப்பாவிகளா! இரண்டு அம்மாக்களும் ஒரே பள்ளிக்கூடம். ஒருத்தி சொன்னதை இன்னொருத்தி அட்சரம் பிசகாமல் புரிந்துகொண்டிருக்கிறாள். ஓடுகிற பஸ்ஸெல்லாம் என்னைப் பார்த்துக்கொண்டே போவதாகப் பட்டது. அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது.

பேச ஒன்றும் இல்லாததாலோ என்னவோ, அவர், “கல்யாணத்துக்கு நீங்க எல்லாரும் வரணும்” என்றார்.

“நான் வரமாட்டேன்,” என்றேன். “எனக்கு உங்களைப் பிடிச்சிருந்தது. அதனால வரமாட்டேன்.”

போனை வைக்கப் போனேன்.

“எனக்கும் பிடிச்சிருந்தது” என்றார்.

அதற்கு முன்னாலும் பின்னாலும் ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை. அதனால் நம்ப வேண்டியதாகிவிட்டது.