புரைக்கு மாத்திரையா, ஊசியா?

“உங்களுக்கு எலும்புப்புரைம்மா” என்று டாக்டரம்மா சொன்னதும், கூட வந்திருந்த புருஷனுக்குக் குஷி பிறந்துவிட்டது. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். போன வருஷம் கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டு, பத்து மைலுக்கு அப்பால் பறக்கும் கொசுவின் மீசைகூடத் தெரிகிறது என்று எல்லாரிடமும் அளந்துகொண்டிருப்பவர்.

“பூ, இவ்வளவுதானா! புரையை எடுத்துட்டா சாயங்காலமே வீட்டுக்குப் போயிடலாம்.”

“ஐயா, அது வேற புரை. எலும்பு உள்ளுக்குள்ள சல்லடையா ஆயிருக்கு. எடுக்கறதுக்கு ஒண்ணுமில்ல. இனிமே உடையாம பாத்துக்கணும்.”

குளியலறையில் லேசாக வழுக்கிக் கையை ஊன்றியதற்கே மனைவிக்கு மணிக்கட்டு உடைந்துபோயிற்று. அடுத்தது இடுப்பாக இருந்தால்? மெக்கானிக் நாற்காலியை டாக்டரம்மா பக்கம் நகர்த்திக்கொண்டார்.

“வாரம் ஒரு மாத்திரை இருக்கு. காலைல வெறும் வயித்துல, ஒரு டம்ளர் தண்ணியோட. அப்புறம் அரை மணி நேரம் படுக்கக் கூடாது, காப்பி கூடாது. இல்லன்னா வருஷத்துக்கு ஒரு தடவை டிரிப்ஸ். ஆறு மாசத்துக்கு ஒரு ஊசியும் உண்டு, ஆனா அதைத் தள்ளிப்போடவே கூடாது.”

“மாத்திரை!” என்றாள் மனைவி. தலைமையாசிரியையாக, எல்லாருக்கும் ‘எச்.எம்.’மாக, அவள் வராந்தாவில் நடந்தால் பள்ளிக்கூடத்துக் கடிகாரமே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். ஊசி என்றால் மட்டும் அந்தச் சிங்கம் கட்டிலுக்கடியில்.

“நெஞ்செரிச்சல், புளிச்ச ஏப்பம் உண்டாம்மா? இருந்தா அந்த மாத்திரை உணவுக்குழாயைப் புண்ணாக்கிடும்.”

“எனக்கா? சேச்சே!”

மெக்கானிக் நெளிந்தார். காட்டிக்கொடுத்தால் வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுவிடும். அவள் பேசாவிட்டால் அவருக்குத் தண்ணீர்கூட இறங்காது. இருந்தாலும்...

“டாக்டரம்மா, இவ ஏப்பம் விட்டா தெருக்கோடில நாய் எழுந்து பதில் சொல்லுது. நெஞ்சு எரியுதுன்னு ராத்திரி பாதி நேரம் உக்காந்தேதான் இருக்கா.”

“என்னங்க!”

“முறைக்காத எச்செம்மு. நான் உன் ஸ்டூடண்ட் இல்ல. நீ விழுந்த அன்னிக்கு எனக்கு உயிரே இல்ல, தெரியுமா?”

எச்செம்மு கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

“அந்த டிரிப்ஸுக்கு எத்தனை தடவை குத்துவீங்க?”

“வருஷத்துக்கு ஒரே குத்துதாம்மா. முதல்ல ரத்தத்துல கால்சியம், கிட்னி எல்லாம் பாக்கணும். பல் டாக்டர்கிட்டயும் ஒருதடவை காட்டிடுங்க. போட்டப்புறம் ரெண்டு நாள் காய்ச்சல், உடம்புவலி வரலாம்.”

“சரி. ஆனா இவரும் உள்ள வரணும்.”

எல்லா ரிசல்ட்டும் சரியாக வந்தது. டிரிப்ஸ் போடும் நாளில் நர்ஸ் ஊசியை எடுத்ததுமே எச்செம்மு கண்ணை இறுக மூடி, மெக்கானிக்கின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடியா அது! லிஃப்ட் கயிறு அறுந்தாலும் அந்தப் பிடியில் பத்து மாடி தொங்கலாம்.

“போட்டாச்சும்மா, கையை விடலாம்” என்றாள் நர்ஸ்.

“பாட்டில் காலியாகட்டும்” என்றாள் எச்செம்மு, கண்ணைத் திறக்காமலே.

மெக்கானிக்குக் கை மரத்துப்போய்விட்டது. அவர் நர்ஸிடம் மெல்லக் குனிந்து கேட்டார்: “கொஞ்சம் மெதுவாவே ஏத்துறீங்களா?”