நாற்பத்தோராம் குட்டை

ஆய்வகத்தில் அவருக்குக் குட்டைக்காரர் என்று பெயர். உயிரே தோன்றியிராத ஆதி பூமியில், வெயிலில் வற்றியும் மழையில் நிறைந்தும் கிடந்த ஏதோ ஒரு சிறு குட்டையில்தான் உயிருக்குரிய மூலக்கூறுகள் முதன்முதலாகப் பிறந்திருக்க வேண்டும் என்பது அவருடைய நம்பிக்கை. அக்குட்டையை ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் அமைத்து, களிமண்ணும் உப்பும் எளிய வாயுக்களும் இட்டு, பதினான்கு ஆண்டுகளாக அதைக் காயவைப்பதும் நனைப்பதுமாக இருந்தார். "இந்த வருஷமும் குட்டையைக் குழப்பறதுதானா?" என்று இயக்குநர் ஆண்டுதோறும் கேட்பார். தெளிகிற வரைக்கும் குழப்பத்தான் வேண்டும் என்று இவரும் சிரித்துக்கொண்டே சொல்வார்.

நாற்பது குடுவைகள் கைவிட்டன. நாற்பத்தொன்றாவதை மூடி முத்திரையிட்ட பன்னிரண்டாம் நாள் அவர் புற்றுநோயால் இறந்துபோனார்.

குடுவைகளை ஊதிக் கொடுத்தவர் அவருடைய தம்பி. அவ்வாய்வகத்திலேயே கண்ணாடி வேலை பார்ப்பவர். குடுவையில் விளைந்ததைப் பகுத்துப் பார்ப்பது இறந்தவருடைய மனைவியின் பணி. நான்கு மாதங்களாக அக்குடுவை விளக்கின் சூட்டில் வற்றி, குளிரில் மீண்டும் நனைந்து, தன் போக்கில் இயங்கிக்கொண்டிருந்தது. அதில் அமினோ அமிலங்கள் விளைந்திருந்தால் கட்டுரை அவர் பெயரிலேயே வெளிவரும் என்றும், இல்லையேல் மாதக் கடைசியில் அவருடைய மேசை வேறொருவருக்குப் போகும் என்றும் இயக்குநர் சொல்லியிருந்தார். மேசையைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. அவர் நம்பியது ஒரே ஒரு முறையேனும் மெய்யாக வேண்டும் என்பதே அவள் வேண்டியதெல்லாம்.

திங்கட்கிழமை காலையில் குடுவையைத் திறந்து, ஒரு துளி எடுத்துக் கருவிக்குள் செலுத்தினாள். தாளில் முகடுகள் எழுந்தன. செரின் என்னும் அமிலத்தின் முகடு மற்றவற்றைவிட ஓங்கி நின்றது. வாயிற்படியில் நின்ற கொழுந்தன் அவள் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டு, இயக்குநரின் அறைக்கு ஓடினார். இயக்குநர் வந்து தாளைப் பார்த்தார். அவள் கையைப் பற்றிக் குலுக்கினார். கட்டுரையை அன்றே எழுதத் தொடங்கச் சொல்லிவிட்டுப் போனார்.

ஒருவரும் கேளாத இரண்டாம் சோதனையை அவள் அதன் பிறகே செய்தாள். அமினோ அமிலங்களில் பெரும்பாலானவற்றுக்கு நம் உள்ளங்கைகளைப் போல இடம், வலம் என இரு வடிவங்கள் உண்டு. உயிரில்லாத வேதியியல் இரண்டையும் சரிபாதியாகவே ஆக்கும். அதற்கு ஓரவஞ்சனை தெரியாது. உயிருள்ள உடலோ ஏறக்குறைய இடத்தை மட்டுமே ஆக்கும்.

கருவி காட்டியது முழுவதும் இடம்.

தன் கையுறையைச் சோதித்தாள், தண்ணீரைச் சோதித்தாள். இரண்டும் தூய்மையாக இருந்தன. குடுவையின் கண்ணாடி மூடியினுடைய உட்புறத்தைத் துடைத்தெடுத்துச் சோதித்தபோது, அதே முகடுகள் அதே விகிதத்தில் எழுந்தன. மனித விரலின் வியர்வையில் செரின் மிகுதி என்பதை அவள் அறிவாள். கொழுந்தனைக் கண்ணாடிப் பட்டறையிலிருந்து அழைத்து வந்து, தாளைக் காட்டி விளக்கினாள்.

"கடைசியா மூடினப்போ நீங்கதானே தம்பி பக்கத்துல இருந்தீங்க?"

அவர் தாளை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"அண்ணி, கோபப்படாம கேளுங்க. மருந்து ஏத்தினதுல இருந்து அவனுக்கு விரல் நுனியெல்லாம் மரத்துப்போச்சு. கையுறையோட பிடிச்சா மூடி வழுக்குது. ரெண்டு தடவ கீழ விழப் பாத்துச்சு. குடு, நான் மூடறேன்னேன். 'நீ ஊதறதோட நிறுத்திக்கடா'ன்னான். கையுறையக் கழட்டிட்டு வெறுங்கையாலயே மூடிட்டான். அண்ணிகிட்ட சொல்லிடாதன்னான்."

"ஏன் சொல்லக் கூடாதாம்?"

"சொன்னா நீங்க அதைக் கொட்டிக் கழுவிடுவீங்களாம். இன்னொண்ணு வைக்க அவனுக்கு நாள் இல்லையாம்."

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். இடமென்றும் வலமென்றும் இங்கே யார் கேட்டார்கள், இயக்குநர் பார்த்தது முதல் தாளைத்தானே, அண்ணன் பெயர் நிலைத்துவிட்டுப் போகட்டுமே என்று கொழுந்தன் தணிந்த குரலில் கெஞ்சினார். சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

"நாளைக்கு வேற எங்கயாவது இதைத் திரும்பச் செஞ்சு பாப்பாங்க தம்பி. அவங்களுக்கு வராது. அப்போ உங்க அண்ணனைப் பொய்யன்னு சொல்லுவாங்க. ஏமாந்துட்டாருன்னு சொன்னா நான் தாங்கிக்குவேன்."

பதிவேட்டை விரித்தாள். மூடிய நாளும் நேரமும் அவருடைய கையெழுத்தில், மரத்த விரல்களால் எழுதியமையால் கோணிக் கோணி, அப்பக்கத்தில் இருந்தன. அதன் கீழே, 'மாசு. மனிதக் கை' என்று எழுதித் தேதியிட்டாள். இயக்குநரிடம் அவளே போய்ச் சொன்னாள். அவர் வருந்தினார், எழுந்து நின்றுகூட வருந்தினார். மேசையைப் பற்றிய பேச்சை அவர் எடுக்கவில்லை. எடுக்க வேண்டிய தேவையும் இல்லை.

திரும்பி வந்தபோது கொழுந்தன் குடுவையின் அருகில் நின்றிருந்தார். மாசுபட்ட குடுவைகளை ஐந்நூறு பாகை உலையில் சுட்டெடுப்பது அவ்வாய்வகத்தின் விதி. எந்த உயிரின் சுவடும் அதன்பின் கண்ணாடியில் எஞ்சாது.

"கிடங்குக்கு நான் புதுசா ஒண்ணு ஊதிக் குடுத்துடறேன் அண்ணி. யாரும் கேக்க மாட்டாங்க. அவன் விரல் பட்டது இது, நீங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க."

கணவருடைய சட்டைகளை எல்லாம் பதினாறாம் நாள் காரியத்தன்றே யாரோ துவைத்து மடித்துவிட்டார்கள். அதை அவள் கொழுந்தனிடம் சொல்லவில்லை.

"வீட்டுல வச்சுக்கிட்டு என்ன செய்ய? தொட்டாப் போயிடும். தொடாமலும் என்னால இருக்க முடியாது."

கையுறையை மாட்டிக்கொண்டு, குடுவையையும் மூடியையும் தானே எடுத்துச் சென்று உலைக்குள் வைத்தாள். கொழுந்தன் கதவைச் சாத்தினார். எத்தனை மணி நேரம் வைக்கட்டும் என்று, அவள் முகத்தைப் பாராமல் கேட்டார்.

"எட்டு."

"அஞ்சே போதும் அண்ணி. எட்டுன்னா நீங்க வீட்டுக்குப் போக ராத்திரி ஆயிடும்."

"எட்டே வைங்க தம்பி. வீட்டுல எனக்கு என்ன அவசரம்?"

அவர் எட்டு மணி நேரத்துக்கு முள்ளைத் திருப்பினார். பிறகு பட்டறைக்குப் போய் ஒரு முக்காலியை எடுத்து வந்து, அவளுக்கு அருகில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.