வெளுத்துப்போன சுறா

செவ்வாய்க்கிழமை மாலை, நான் போகிற திரைப்பட வகுப்பு முடிந்த பிறகு, எடிட்டிங் கணினியில் அண்ணன் எடுத்த குறும்படத்தை முதன்முறையாக ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஓட்டிப் பார்த்தேன். மொத்தம் இருபத்திரண்டு நிமிடம். நான்காவது நிமிடத்தில் சுறா கறுப்பாக வந்தது. ஏழாவது நிமிடத்தில் சாம்பல் நிறம். பன்னிரண்டில் ஏறக்குறைய வெள்ளை. கடைசிச் சண்டையில் மறுபடியும் கன்னங்கரேல் என்று இருந்தது. திரையில்தான் கோளாறு என்று நினைத்துப் பக்கத்துக் கணினியில் போட்டேன். அங்கேயும் அதே கதை. ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் எதுவும் மாறிவிடாமல் பார்த்துக் குறிப்பெடுப்பதுதான் இந்தப் படத்தில் என் வேலை.

அண்ணன் பொது நீச்சல் குளத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறான். திங்கட்கிழமை குளத்துக்கு விடுமுறை. தண்ணீரைச் சுத்தம் செய்து மருந்து போட்ட பிறகு படம் எடுத்துக்கொள்ளலாம் என்று மேலாளர் அனுமதி கொடுத்திருந்தார். அப்படி எட்டு மாதத் திங்கட்கிழமைகள். அண்ணிதான் கதாநாயகி. நீச்சல் பழகுகிறவர்கள் பிடித்துக்கொள்ளும் மிதவைப் பலகைகளை ஒட்டிச் செதுக்கி, மேலே கறுப்புக் குடைத் துணியைத் தைத்து மூடியதுதான் சுறா. குளத்தின் அடித்தரையைக் கூட்டும் சக்கர வண்டியில் அதைக் கட்டி, மறுகரையிலிருந்து கயிற்றால் நான் இழுப்பேன்.

மட்டமான சுறாப் படம் என்றால் அண்ணனுக்கு உயிர். நூறுக்குக் குறையாமல் பார்த்திருப்பான். கூட உட்கார்ந்து நானும் பாதிக்கு மேல் பார்த்துவிட்டேன். தண்ணீருக்கடியில் சிங்கம்போல உறுமும் சுறா, காட்சிக்குக் காட்சி வளர்ந்துகொண்டே போகும் சுறா, கரை பத்தடியில் இருக்க நடுக்கடலைப் பார்த்து நீந்தும் பெண், திரும்பத் திரும்ப வரும் ஒரே துடுப்பு. நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். அவன் சிரிக்க மாட்டான். அந்த ரப்பர் வாயைத் திறந்து மூட யாரோ ஓர் ஆள் நாள் முழுக்கக் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றிருப்பான், அவனை நினைத்துப் பார் என்பான். பெரிய படங்களில் உழைப்பு கண்ணுக்குத் தெரியாது, இவற்றில் உழைப்பு மட்டும்தான் தெரியும் என்பது அவன் கட்சி. அவனுக்கு அந்தப் படங்கள்மேல் ஒரே ஒரு வருத்தம்தான். ஏதாவது சொதப்பிவிட்டால், அதை மூடி மறைக்க ஒரு வசனத்தை ஒட்டிவிடுவார்கள். அதனாலேயே தன் கதையைக் குளத்திலேயே நடக்கும்படி எழுதினான். தொட்டியைக் கடல் என்று சொல்லி யாரையும் ஏமாற்றுகிற வேலை வேண்டாம் என்றான்.

வெள்ளிக்கிழமை எங்கள் வகுப்பில் திரையிடல். அண்ணன் குளத்து ஆட்களையும் அழைத்திருந்தான். டிக்கெட் கவுண்டர்காரர் எட்டு மாதமாக அவனைப் பார்க்கும்போதெல்லாம், "என்னப்பா சுறா, இன்னிக்கு எத்தனை பேரைக் கடிச்சே?" என்று கேட்கிறவர். அவருக்குத்தான் முதல் அழைப்பு. அழைத்துவிட்டு வந்த அன்று சாப்பிடும்போது அண்ணன் எங்களிடம் சொன்னான்: "படத்தைப் பாத்து எல்லாரும் சிரிச்சுட்டாங்கன்னா, இதோட விட்டுடறேன். நமக்கு வரலைன்னு அர்த்தம்." அண்ணி அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

பகலில் நான் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தக் குப்பிகளுக்கு எண் ஒட்டுகிறேன். ஒவ்வொன்றையும் இரண்டு முறை சரிபார்ப்பேன். படத்துக்கும் அப்படித்தான் குறிப்பேடு வைத்திருந்தேன். அண்ணியின் கூந்தல் எந்த அளவு நனைந்திருந்தது, எந்தத் துண்டு, சுவர்க் கடிகாரத்தில் மணி என்ன, நிழல் எந்தப் பக்கம் விழுந்தது, எல்லாம் இருக்கிறது. சுறாவின் நிறம் மட்டும் இல்லை. சுறா ஒன்றுதானே, அது எங்கே மாறப்போகிறது என்று நினைத்திருக்கிறேன். ஈரத்தோடு அதைச் சாமான் அறையில், குளோரின் டிரம்களுக்குப் பக்கத்திலேயே எட்டு மாதம் வைத்திருந்தோம். வாரத்துக்கு ஒரு துளி வெளுத்தால் கண்ணுக்கு எப்படித் தெரியும்? எல்லாருக்கும் தெம்பு இருந்தபோதே கஷ்டமானதை முடித்துவிடலாம் என்று கடைசிச் சண்டையைத்தான் முதல் திங்களன்று எடுத்தோம். அதனால் அது மட்டும் அவ்வளவு கறுப்பு. தினமும் குளோரினோடு புழங்குகிற அண்ணனுக்கே தோன்றவில்லையே என்று ஒரு சமாதானம் வந்தது. உடனே, அவன் என் குறிப்பேட்டை நம்பியிருப்பான் என்பதும் புரிந்தது.

புதன்கிழமை மூன்று மணி நேரம் கணினியில் நிறத்தைச் சரிசெய்து பார்த்தேன். சுறா வரும் பத்தொன்பது ஷாட்டில் ஐந்துதான் தேறியது. ஒன்றில் சுறா கறுத்ததோடு அண்ணியின் முகமும் நீலம் பாய்ந்துவிட்டது. ஆசிரியர் எட்டிப் பார்த்துவிட்டு, படம் உங்கள் அண்ணனுடையது, அவரிடம் சொல்வதுதான் முறை என்று சொல்லிப் போய்விட்டார். அது எனக்கும் தெரியும். தெரிந்ததைச் செய்யத்தான் ஓர் இரவு ஆனது.

வியாழக்கிழமை காலை வேலைக்குப் போகிற வழியில் குளத்துக்குப் போனேன். அண்ணன் கரையில் குத்தவைத்து, சோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, சுறா வெளுத்துப்போச்சு."

"எப்போ?"

"எட்டு மாசமா."

அவன் குழாயைக் கீழே வைத்தான். என் கைபேசியில் நான் கொண்டுவந்த ஷாட்டுகளை வரிசையாகப் பார்த்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "என்ன ஆபீசரம்மா, இதைக் கோட்டை விட்டுட்டியே" என்று மட்டும் சொன்னான். பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டதால் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்று மாலை வீட்டில் அண்ணிதான் வழி சொன்னாள். ஆரம்பத்தில் சுறாவைத் தொட்டால் கையெல்லாம் கறுப்புச் சாயம் ஒட்டுமாம். பிறகு ஒட்டுவது நின்றதும், துணி பழகிவிட்டது என்று சந்தோஷப்பட்டாளாம். இப்போது ஒரே ஒரு வசனம் போதும் என்றாள்.

"ரெண்டு சுறான்னு சொல்லிடலாங்க. நான் இப்பவே குரல் குடுத்துடறேன். ஒண்ணு கறுப்பு, ஒண்ணு வெள்ளை."

"சாம்பல் கலர்ல வருதே, அது?" என்று கேட்டான் அண்ணன்.

"அது நிழல்ல இருக்குது."

எனக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. என் தவறு மறைந்துவிடும் என்பதால் பட்டதா என்று இப்போதும் சந்தேகம் இருக்கிறது. ஆனால் அண்ணன், ஊரான் படத்தில் எதைக் குறை சொன்னேனோ அதை என் படத்தில் செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டான். வெளுத்தது வெளுத்ததாகவே போகட்டும் என்றான்.

வெள்ளிக்கிழமை முப்பத்தோரு பேர் வந்திருந்தார்கள். எங்கள் வகுப்பு நடக்கும் அறை பகலில் சிறு பிள்ளைகளின் வகுப்பறை. எல்லாரும் முழங்கால் மோவாயில் இடிக்கக் குட்டை நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் கடைசி வரிசையில் சுவரோடு சாய்ந்து நின்றான். நான் திரையைப் பார்க்காமல் ஆட்களையே பார்த்தேன்.

கறுப்புச் சுறா முதலில் வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. சாம்பல் சுறா வந்ததும் டிக்கெட் கவுண்டர்காரர் தொண்டையைச் செருமினார். வெள்ளைச் சுறா வந்ததும் அவர் பக்கத்து ஆளிடம், சுறாவுக்குச் சோப்பு போட்டுட்டாங்க என்றார். வரிசை முழுக்கச் சிரிப்பு பரவியது. அண்ணனைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. இன்னும் இரண்டு இடத்தில் சிரித்தார்கள். ஒன்றில் என் கயிறே தெரிந்தது.

கடைசிச் சண்டை வந்தது. அண்ணி கறுப்புச் சுறாவைக் குளத்தின் ஏணிக்குள் சிக்க வைத்துக் கொன்றாள். பிறகு கரையேறி, மூச்சு வாங்கிக்கொண்டு, இரண்டு காலையும் தண்ணீரில் தொங்கவிட்டு உட்கார்ந்தாள். நிம்மதியாக முடிய வேண்டும் என்று அண்ணன் அரை நிமிடம் வைத்த ஷாட் அது. வகுப்பில் என்னோடு படிக்கும் பஸ் கண்டக்டரம்மா இரண்டாவது வரிசையில் இருந்தார். அவர் மெல்ல, தனக்குத்தானே சொல்வதுபோல, "காலை எடும்மா. வெள்ளை ஒண்ணு இன்னும் உள்ள கிடக்குது" என்றார்.

அதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை. டிக்கெட் கவுண்டர்காரர்கூட நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். அண்ணியின் பாதங்கள் தண்ணீரில் ஆடிக்கொண்டே இருந்தன. அந்த அரை நிமிடம் அவ்வளவு நீளம் என்று எடுத்த எங்களுக்கே தெரியாது. திரை இருண்டதும் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

விளக்கு போட்டவுடன் அண்ணன் நேராகக் கண்டக்டரம்மாவிடம் போனான். நானும் பின்னாலேயே போனேன். அவர் எழுந்து, ரெண்டாவது சுறாவை அப்படியே விட்டது நல்ல யோசனைங்க, எனக்கு உள்ளங்கால் கூசிப்போச்சு என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டால் என் தவறு அங்கேயே புதைந்துபோகும். சொல்லிவிடேன் என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"இருந்தது ஒரே சுறாதாங்க. குளோரின்ல சாயம் போயிடுச்சு. நாங்க கவனிக்கலை" என்றான் அண்ணன்.

கண்டக்டரம்மா, "இருக்கட்டும். நான் பயந்தது பயந்ததுதானே" என்றார்.

டிக்கெட் கவுண்டர்காரர் எங்களைத் தாண்டிப் போகும்போது, "சோப்பு நல்ல சோப்புப்பா" என்று அண்ணன் தோளைத் தட்டினார். அண்ணன் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. கண்டக்டரம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். படம் எடுக்கத் தொடங்கும் முன் அண்ணியின் முகத்தை ஒரு வாரம் அப்படித்தான் பார்த்தான்.

"உங்களுக்கு நீச்சல் தெரியுமா?" என்று கேட்டான்.

"சுத்தமாத் தெரியாதுங்க."

"அப்போ இன்னும் நல்லது. திங்கக்கிழமை லீவு கிடைக்குமா?"