நாற்பத்திரண்டாவது கல்லடுக்கு

எக்கார்ட் என்ற அந்த ஜெர்மன்காரரை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. எங்கள் தலைநகரான ரெய்க்யவிக்கில் பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். வழிகாட்டியான நான் வாயைத் திறந்த போதெல்லாம் எழுதினார். கூடார முளையை எந்தச் சாய்வில் அடிக்க வேண்டும், பாசி மேல் ஏன் மிதிக்கக் கூடாது, மிதித்தால் மறுபடி வளர எத்தனை வருடம், எல்லாம் நோட்டுக்குள் போயிற்று. ரயில்வேயில் முப்பத்தாறு வருடம் சிக்னல் பார்த்தவராம். பக்கத்தில் அவர் மனைவி கெர்லிண்டே பேனா மூடியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் தன் வேலை என்றார்.

எங்கள் பேருந்தை ஓட்டுகிறவனும் மூன்று வேளை சமைக்கிறவனும் பிராந்தூர். பதினாறு கோடையாக என்னோடு இந்த மலைவெளியில் அலைகிறவன். அன்று மாலை மீன் சூப்பைக் கிண்டிக்கொண்டே என் காதருகே சொன்னான்.

"பாத்துப் பேசு தாயே. நீ சொல்றது அத்தனையும் அந்தாளு எழுதி வச்சிருக்காரு. ஒருநாள் உனக்கே எதிரா சாட்சி சொல்லும்."

சிரித்தேன்.

மொத்தம் பதினோரு பேர். பத்து நாள், கூடாரத்தில் படுக்கை, பறவையும் பாறையும் பனியாறும் பார்ப்பது. மூன்றாம் நாள் சாம்பல் முகட்டின் மேலே நடந்து அந்தப் பக்கத்து ஏரியைப் பார்த்துவிட்டுத் திரும்புவது வழக்கம். முகட்டின் மேல் பாதை என்று ஒன்று கிடையாது. கல், கல், அதற்கப்புறமும் கல். அதனால் நடக்கிறவர்களுக்காக இடுப்புக்கு மேல் உயரமாகக் கல்லை அடுக்கி வைத்திருக்கிறோம். ஒரு கல்லடுக்கில் நின்றால் அடுத்தது தெரியும். இலையுதிர் காலத்தில் ஆடுகளை மலையிலிருந்து இறக்கப் போகும்போது எங்கள் வட்டாரத்துக்காரர்கள்தான் சரிந்ததைச் சரிசெய்வோம். ஒருத்தர் அடுக்கியது மறு வருடமே சரிந்தால் அந்தக் குடும்பத்தையே கேலி பேசுவார்கள். என் அப்பா அடுக்கியது எதுவும் சரிந்ததில்லை. நான் அடுக்கியதும் சரிந்ததில்லை.

மலை ஏறுவதற்கு முன்னால் எல்லாக் குழுவுக்கும் சொல்வதை அவர்களுக்கும் சொன்னேன்.

"மூடுபனி வந்தா யாரும் வீரம் காட்ட வேண்டாம். அடுத்த கல்லடுக்கு கண்ணுக்குத் தெரிஞ்சா நடங்க. தெரியலன்னா இருக்கிற கல்லடுக்குலயே சாஞ்சு உக்காருங்க. பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் விசில் ஊதுங்க. நகரவே கூடாது."

எக்கார்ட் கையைத் தூக்கினார். "எவ்வளவு நேரம் உக்காரணும்?"

"நாங்க வர்ற வரைக்கும்."

"கட்டாயம் வருவீங்களா?"

"வராம எங்க போவோம்? மேல இருக்கிறதே நாப்பத்தொரு கல்லடுக்கு. ஒண்ணு விடாம பாத்துட்டு வருவோம்."

அதையும் எழுதிக்கொண்டார். நாற்பத்தொன்று என்று எழுதி அடிக்கோடும் போட்டார்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்று எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஊர் சுற்ற வருகிறவர்களுக்குக் கல்லைக் கண்டால் கை சும்மா இருக்காது. நாலு கல்லை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் நகர்ந்ததும் நான் உதைத்துத் தள்ளிவிடுவேன். வழி காட்டாத கல்லடுக்கு ஆளைக் கொல்லும் என்று வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொன்ன நானே போன வருடம், பிரான்சிலிருந்து வந்த சொலேனுக்காக ஒன்று கட்டினேன். இரண்டு பேருக்கு இடம் பதிந்திருந்தார்கள். வந்தது அவள் மட்டும். புருஷன் ஏப்ரலில் இறந்துவிட்டான். முகட்டின் மேல் நின்று, "அவருக்காக ஒரு சின்னக் குவியல் வச்சுக்கட்டுமா?" என்று கேட்டாள். கூடாது என்றேன். அவள் வாதாடவில்லை. சத்தமில்லாமல் அழுதாள். எனக்கு அழுகிறவர்களைப் பார்க்கத் தெரியாது.

மற்றவர்களைச் சாப்பிடச் சொல்லிவிட்டு, இருபத்தேழாவது கல்லடுக்கிலிருந்து மேற்கே கால் மணி நேரம் அவளை நடத்திக் கூட்டிப்போனேன். மலைத்தோளுக்கு அந்தப் பக்கம் ஏரி தெரிகிற ஒரு மேடு. அங்கே யாரும் போக மாட்டார்கள். அவள் கல்லைப் பொறுக்கி வைக்க ஆரம்பித்தாள். உருண்டைக் கல் மேல் உருண்டைக் கல். எனக்குக் கை பரபரத்தது. தள்ளும்மா என்று நானே உட்கார்ந்துவிட்டேன். அடியில் அகலக் கல், இடுக்குக்குச் சப்பைக் கல், மேலே போகப் போக உள்சாய்வு. மார்பு உயரம் வந்தது. காற்று படாத பக்கம் அவள் உட்கார ஒரு தட்டைக் கல்லும் போட்டுக்கொடுத்தேன். அரைகுறையாகச் செய்ய என் கைக்கு வராது. அந்தத் திமிருக்கு இப்போது என்ன பெயர் வைப்பதென்று தெரியவில்லை.

சரி, அன்றைக்கு வருகிறேன்.

கெர்லிண்டேவுக்கு முழங்கால் வலி. பிராந்தூரோடு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டு முகாமிலேயே இருந்துவிட்டார். பத்துப் பேரோடு ஏறினேன். ஏரியைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, மதியம் இரண்டு மணிக்கு மூடுபனி வந்தது. போர்வையை இழுத்து மூடின மாதிரி, ஒரே நிமிடம். இருபத்தேழாவது கல்லடுக்கில் நிறுத்தித் தலை எண்ணினேன். பத்து. எக்கார்ட் மெதுவாக வந்து, "ஒதுங்கணும்" என்றார். பாறையைக் காட்டி, "அதுக்குப் பின்னாடி, ரெண்டு நிமிஷத்துல வாங்க" என்றேன்.

வரவில்லை. பாறையின் எந்தப் பக்கமாகப் போனாரோ அந்தப் பக்கமாகத் திரும்பவில்லை போலிருக்கிறது. கத்தினேன். விசில் ஊதினேன். சுற்றிச் சுற்றித் தேடினேன். மழையும் பனியுமாகக் கலந்து அடிக்க ஆரம்பித்தது. மற்ற ஒன்பது பேருக்கும் பல் கிட்டியது. நாற்பது நிமிடம் பார்த்தேன். பிறகு ஒன்பது பேரையும் ஒருவர் கையை ஒருவர் பிடிக்கச் சொல்லிக் கீழே இறக்கினேன். அதுதான் விதி. விதியில் தப்பில்லை.

பேருந்திலிருந்த ரேடியோவில் பிராந்தூர் மீட்புக் குழுவைக் கூப்பிட்டான். ஏழு மணிக்கு வந்துவிட்டார்கள். எல்லாரும் எங்கள் வட்டாரத்துத் தொண்டர்கள், வேலையைப் போட்டுவிட்டு வருகிறவர்கள். தலைவன் கோல்பெய்ன் எங்கள் பக்கத்துப் பண்ணைக்காரன், என்னோடு பள்ளியில் படித்தவன்.

"எங்க இருப்பாருன்னு நெனைக்கிற?" என்று கேட்டான்.

"கல்லடுக்குலதான். வேற எங்கயும் போக மாட்டார். எழுதி வச்சுக்கிட்ட மனுஷன்."

அத்தனை உறுதியாகச் சொன்னேன். நாற்பத்தொன்றையும் தொட்டுப் பார்த்தோம். கைவிளக்கு வெளிச்சம் நாலு அடிக்கு மேல் போகவில்லை, காற்றின் இரைச்சலில் எங்கள் விசிலே எங்களுக்குக் கேட்கவில்லை. எதிலும் அவர் இல்லை. கோல்பெய்ன் கிழக்குச் சரிவைப் பார்த்தான். அங்கே ஆற்றுப் பள்ளம். "விழுந்துட்டார், ஹல்பேரா," என்றான் என்னிடம். அதற்கப்புறம் கயிறு கட்டிப் பள்ளத்தில்தான் தேடினோம். மேற்கே யாரும் போகவில்லை. நான் போகச் சொல்லவும் இல்லை. வட்டாரத்துக் கணக்கில் மேற்கே கல்லடுக்கு கிடையாது. என் மனசிலும் அது கல்லடுக்கு இல்லை. அது சொலேனின் புருஷன்.

ஐந்து மணிக்கு வெளுத்தது. தொண்டை கட்டி, கை ரேடியோவுக்குப் புதுப் பேட்டரி எடுக்க முகாமுக்கு இறங்கினேன். கெர்லிண்டே தூங்கவில்லை. பிராந்தூர் கொடுத்த காபி அவர் கையில் ஆறிப்போயிருந்தது.

"பள்ளத்துல தேடறாங்களாமே?" என்றார். "ஏன்?"

"கல்லடுக்கு எல்லாத்தையும் பாத்துட்டோம்மா."

"இல்ல. அவர் ஏதோ ஒரு கல்லடுக்குலதான் உக்காந்திருக்கார். சொன்னா சொன்னபடி செய்வார். நாப்பது வருஷமா அதுதான் எனக்கு அவரோட சண்டையே." என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க எண்ணினதுல ஒண்ணு விட்டுப்போயிருக்கு. திரும்ப எண்ணுங்க."

நாற்பத்திரண்டு என்று என் வாய் முணுமுணுத்தது. பிராந்தூர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னடி?" என்றான். ஓடினேன். ரேடியோவில் கோல்பெய்னிடம் மேற்கே, மேற்கே என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

அந்த மேட்டுக்கு நாங்கள் இரண்டு பேரும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் போய்ச் சேர்ந்தோம். காற்று மூடுபனியைக் கலைத்துவிட்டிருந்தது. ஏரி பளிச்சென்று தெரிந்தது. எக்கார்ட் நான் போட்ட தட்டைக் கல்லில் உட்கார்ந்திருந்தார். நான் சொன்னபடியே முதுகைச் சாய்த்து, காலை மடக்கி, வாயருகே விசிலோடு. கோல்பெய்ன் கழுத்தில் விரலை வைத்துப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான்.

மடியில் நோட்டு இருந்தது. பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வைத்திருந்ததால் நனையவில்லை. மூன்று மணிக்கு ஆரம்பித்து மணி போட்டு எழுதியிருந்தார். விசில், விசில், விசில். இடையில் ஒருமுறை, கருவாட்டில் பாதி தின்றேன், பாதி நாளைக்கு. ஒன்பதுக்குப் பிறகு எழுத்து கோணல்மாணலாக ஓடியது. கடைசி வரி ஒன்று நாற்பதுக்கு. எனக்குத் தெரிந்த கொஞ்சம் ஜெர்மன் அதற்குப் போதும். இன்னும் இங்கேதான் இருக்கிறேன், நகரவில்லை.

ஒன்று நாற்பதுக்கு நான் பள்ளத்தில் கயிறு பிடித்துக்கொண்டிருந்தேன்.

கோல்பெய்ன் கல்லடுக்கைச் சுற்றி வந்தான். இடுக்கில் செருகியிருந்த சப்பைக் கல்லை விரலால் தடவினான். உள்சாய்வைப் பார்த்தான். பிறகு என் கையைப் பார்த்தான்.

"இது வெளியூர்க்காரன் வேலை இல்ல," என்றான் மெதுவாக. "உங்க அப்பா போயி ஒன்பது வருஷமாச்சு."

"நான்தான்."

கோல்பெய்ன் கல்லடுக்கை எட்டி ஓர் உதை விட்டான். ஒரு கல்கூட அசையவில்லை. அவன்தான் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"எவனோ டூரிஸ்ட் கட்டினதுன்னு எழுதிடறேன். மலை பூரா கட்டி வச்சிருக்கானுங்க. யாரும் கேக்க மாட்டாங்க. நீ வாயைத் தொறக்காத, ஹல்பேரா."

கீழே கொண்டுவந்தோம். கெர்லிண்டே அவர் முகத்தைத் துடைத்தார், சட்டைக் காலரைச் சரிசெய்தார். அழவில்லை. என்னிடம்தான் கேட்டார்.

"உக்காந்துதான் இருந்தாரா?"

"ஆமாம்மா."

"கல்லடுக்குல சாஞ்சு?"

"சாஞ்சு."

"நான்தான் சொன்னேனே." தலையை ஆட்டிக்கொண்டார். "அந்தக் கல்லை யாரும் தொட வேண்டாம். கடைசிவரைக்கும் அவருக்கு முதுகு குடுத்தது அதுதான். அப்படியே இருக்கட்டும்."

கோல்பெய்ன் என்னைப் பார்த்துக் கண்ணால் வேண்டாம் என்றான். ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருந்தால் என் வேலையும் பேரும் தப்பியிருக்கும், அந்த அம்மாவுக்கும் ஓர் ஆறுதல் மிஞ்சியிருக்கும். ஆனால் அந்தக் கல்லை அவர் கும்பிடுவதை என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது.

"அது வழி காட்டுற கல்லடுக்கு இல்லம்மா. போன வருஷம் நான் கட்டினது. வேற ஒருத்தருக்காக. நாப்பத்தொண்ணுல அது சேராது. நான் மறந்துட்டேன்."

கெர்லிண்டே கையிலிருந்த பேனா மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லா கட்டினீங்களா?"

"நல்லாத்தான் கட்டினேன்."

"அதான்," என்றார். "மோசமா கட்டியிருந்தா அவர் நம்பியிருக்க மாட்டார்." கொஞ்சம் கழித்து, "இடிச்சிடுங்க," என்றார். பேனா மூடியைப் பைக்குள் போட்டுக்கொண்டு எக்கார்டின் பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இரண்டு நாள் கழித்து நான் தனியாக ஏறினேன். பிராந்தூர் கூட வருகிறேன் என்றான், வேண்டாம் என்றுவிட்டேன். முதலில் அந்தத் தட்டைக் கல்லில் உட்கார்ந்து பார்த்தேன். வடகாற்று துளிகூடப் படவில்லை. யாராக இருந்தாலும் இங்கேயே காத்திருக்கலாம் என்றுதான் தோன்றும்.

ஒவ்வொரு கல்லாக உருவி எடுத்து, ஒன்றின் மேல் ஒன்று கிடக்காதபடி நாலா பக்கமும் எறிந்தேன். மத்தியானம் ஆகிவிட்டது, நகம் இரண்டு பெயர்ந்தது. கடைசியில் அந்தத் தட்டைக் கல் மட்டும் மிஞ்சியது. தோளால் முட்டினேன், காலால் உதைத்தேன். வரவில்லை. உட்காருகிறவர்களுக்கு ஆடக் கூடாதென்று அடியில் ஆப்பு வைத்து இறுக்கியது நான்தான்.