நெட்டியின் துப்பாக்கிக்கு ஹார்லன் அடைத்த தோட்டாக்கள்

என் தங்கை நெட்டியைக் கட்டிக்கொண்டவன் ஹார்லன். பிக்ஹார்ன் மலையடிவாரத்தில் நிலமும் வீடும் விற்றுக்கொடுக்கும் தரகன். வாயால் பிழைக்கிற தொழில்தான், அதில் தப்பில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றுகிறவனுக்கு அந்த வாயை மட்டும் கழற்றிவைக்கத் தெரியாது. கன்று ஈனும் பசுவுக்கு முன்னால் நின்றுகொண்டு மாட்டு டாக்டருக்கே யோசனை சொன்னவன் அவன். டாக்டர் அவனை வேலிக்கு வெளியே போய் நிற்கச் சொன்னார். அதையும் பெருமையாகத்தான் சொல்லித் திரிந்தான்.

எங்கள் அப்பா சாகும் முன் லாரியை எனக்கும் துப்பாக்கியை நெட்டிக்கும் எழுதிவைத்தார். விசைக்குக் கீழே இருக்கும் லீவரை இழுத்துச் சுடும் பழைய வின்செஸ்டர். நூறு வருஷத்துக்கும் மேல் வயசு. முப்பத்தெட்டு-ஐம்பத்தாறு என்று அதன் அளவு. அந்தத் தோட்டாவைச் செய்வதை எங்கள் தாத்தா காலத்திலேயே கம்பெனிகள் நிறுத்திவிட்டன. வேண்டுமென்றால் நாமே செய்துகொள்ள வேண்டும். வேறொரு பெரிய தோட்டாவின் பித்தளைக் குப்பியை வாங்கி, எண்ணெய் தடவி, அச்சுக்குள் அழுத்திக் கழுத்தை ஒடுக்க வேண்டும். எண்ணெய் கூடினால் குப்பியின் தோளில் பள்ளம் விழும், குறைந்தால் குப்பி அச்சிலேயே சிக்கிக்கொள்ளும். அதன்பின் அடியில் தீப்பொறி தரும் கேப் வைத்து, வெடிமருந்தை எடைபார்த்துப் போட்டு, ஈயக் குண்டை மேலே செருக வேண்டும். நெட்டி இதைக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே செய்துவந்தாள், யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல்.

ஒரு குளிர்காலத்தில் ஹார்லனுக்கு அந்தத் துப்பாக்கிமேல் ஆசை வந்தது. ஊர்த் துப்பாக்கி கிளப்பில் பழைய துப்பாக்கிகளுக்கென்று ஜூன் மாதம் ஒரு போட்டி வைப்பார்கள், அதில் சுட வேண்டுமாம். நெட்டி செய்துவைத்திருந்த தோட்டாக்களைக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள். அவன் கேட்கவில்லை. பெண்பிள்ளை சமையல் மாதிரி உட்கார்ந்து செய்கிறாள், இதற்கெல்லாம் ஒரு முறை இருக்கிறது என்று என்னிடம் சொன்னான். கைப்பிடியை ஒரு தரம் இழுத்தால் தோட்டா செய்யும் நாலு வேலையும் நடக்கும் இயந்திரம் ஒன்றை வாங்கி வந்தான். அவள் தோட்டா செய்யும் மேஜையைக் காலிசெய்து அதில் பூட்டினான். எதிர்ச் சுவரில் டிவி மாட்டினான். குப்பிகளைக் கழுவித் துடைக்கும் வேலை மட்டும் நெட்டிக்கு.

நான் போனபோது கூடைப்பந்தாட்டம் ஓடிக்கொண்டிருந்தது. அவன் கண் டிவியில், கை இயந்திரத்தில்.

"மாப்பிள்ளை, மருந்து விழுதா இல்லையான்னு ஒவ்வொண்ணா குனிஞ்சு பாக்க வேணாமா?" என்றேன்.

"மெஷின் பாத்துக்கும் மச்சான். நீ லாரிய ஓட்டு," என்றான்.

நெட்டி கழுவிய குப்பிகளைத் துணியில் பரப்பிக்கொண்டிருந்தாள்.

போட்டியன்று புதுத் தொப்பியோடு வந்தான். சுடும் வரிசையில் இருந்தவர்களுக்கெல்லாம் தன் தோட்டாவைக் காட்டி விளக்கம் சொன்னான். முதல் குண்டு அட்டையின் ஓரத்தில் பட்டது. காற்று என்றான். அடுத்தது அட்டையிலேயே இல்லை. வெயில் என்றான். மூன்றாவதுக்கு விசையை இழுத்தபோது வெடிச் சத்தமே வரவில்லை. பாட்டில் மூடி திறந்த மாதிரி ஒரு 'டப்', அவ்வளவுதான். துப்பாக்கி தோளை உதைக்கவும் இல்லை. மருந்தே இல்லாத தோட்டா அது. கேப்பின் வேகத்தில் குண்டு கொஞ்சதூரம் போய்க் குழலுக்குள் சிக்கிக்கொள்ளும். அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் குழல் வெடித்து முகத்தில் அடிக்கும்.

ஹார்லன் லீவரை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றத் தொடங்கினான். நான் எழுவதற்குள், பின்னால் பெஞ்சில் இருந்த நெட்டி போய் லீவருக்கும் துப்பாக்கிக்கும் நடுவே தன் கையைக் கொடுத்துவிட்டாள். லீவர் அவள் விரல்களைக் கடித்துக்கொண்டு நின்றது.

"கைய எடு நெட்டி. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். உன் மூஞ்சி செதறுனா இன்னும் நல்லா பாப்பாங்க. துப்பாக்கியக் குடு."

கொடுத்தான். தோட்டாவை வெளியே எடுத்துவிட்டு அவள் குழலின் வாய் வழியாக ஒரு கம்பியை விட்டாள். பாதியில் நின்றது. ஹார்லன் பேசிக்கொண்டே இருந்தான். கேப் சரியில்லையாம், இப்போதெல்லாம் எதைத்தான் ஒழுங்காகச் செய்கிறார்களாம். நான் மரச் சுத்தியலால் கம்பியைத் தட்டித் தட்டிக் குண்டை வெளியே எடுத்தேன். நெட்டியின் விரல்கள் வீங்கத் தொடங்கியிருந்தன.

வீட்டுக்குப் போனதும் அவள் அவன் செய்த மிச்சத் தோட்டாக்களை எல்லாம் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொட்டினாள். சாப்பாட்டு நேரத்துக்கு நானும் அங்கே இருந்தேன். உருளைக்கிழங்குப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் இரண்டு சின்னத் தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தாள். ஒன்றில் எதுவுமில்லை, அந்தக் குப்பியில் மருந்தே விழுந்திருக்கவில்லை. இன்னொன்றில் போட வேண்டியதைப்போல் இரண்டு மடங்கு மருந்து, ஒரே குப்பியிலிருந்து கொட்டியது. அது வெடித்திருந்தால் துப்பாக்கியோடு ஆளும் போயிருப்பான்.

ஹார்லன் பார்த்தான். இயந்திரத்தில் கோளாறு, திருப்பி அனுப்ப வேண்டும் என்றான். அவள் அவன் தட்டில் இறைச்சியை வைத்தாள். அதுதான் அவனைச் சுட்டிருக்க வேண்டும்.

"உனக்கு எம்மேல கொஞ்சங்கூட மரியாதையே இல்ல, அப்படித்தான?" என்று கேட்டான்.

சமாதானமாக ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்துத்தான் கேட்டான். எப்போதும் சொல்வாள். நெட்டி கரண்டியைக் கீழே வைத்து, உண்மையிலேயே யோசித்துப் பார்த்தாள்.

"இல்ல," என்றாள். "தேடிப் பாத்தேன். இல்ல."

கோபமில்லாத குரல். உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்வதைப் போல. ஹார்லன் தட்டை இழுத்துவைத்துச் சாப்பிட்டான். வெட்கப்பட்டு எழுந்துபோகிற அளவுக்குக்கூட அவனிடம் சரக்கு இல்லை. இறைச்சியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினான்.

இயந்திரத்தை அவளே கழற்றி அவனுடைய ஆபீஸ் வாசலில் இறக்கிவிட்டு வந்தாள். மேஜை அவளுக்குத் திரும்பியது, டிவி ஹாலுக்குப் போனது. விரல்கள் ஆறியதும் தோட்டா செய்தாள். அக்டோபரில் என்னோடு மலையேறி, ஒரே குண்டில் ஒரு எல்க் மானை வீழ்த்தினாள். ஹார்லன் அந்தக் கறியைக் கொஞ்சம் கடினம் என்று சொல்லிக்கொண்டே தின்றான்.

பனி விழுந்த பிறகு ஊர்க் காபிக் கடையில் அவன் பேசுவது என் காதில் விழுந்தது. அந்தத் துப்பாக்கிக்குச் சரியான மருந்தளவைக் கண்டுபிடித்து மனைவிக்குக் கொடுத்தது தானாம். அதனால்தான் ஒரே குண்டில் மான் விழுந்ததாம். எனக்கு ரத்தம் கொதித்தது. நேராக நெட்டியிடம் போய்ச் சொன்னேன். அவள் கறிக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"போய் அவன நாலு பேரு முன்னாடி கேக்க வேணாமா?" என்றேன்.

"எதுக்குண்ணே," என்றாள். "அந்தப் பக்கத்துல இருக்குற கேரட்ட எடு."