விரிசலுக்குள் நீலம்

வாய்மொழித் தேர்வுக்கு முந்தின நாள், ஞானதுரை சார் ஷிஃபாவின் ஆய்வேட்டை மேசையில் அவள் பக்கம் தள்ளினார்.

"நாலாவது அத்தியாயத்த எடுத்துரு. மத்ததெல்லாம் நல்லாருக்கு."

மேலகரம் பக்கம் இருக்கும் அந்த ஓவியக் கல்லூரியில் மொத்தமே நாற்பது பேர்தான். ஞானதுரை கலை வரலாற்றுத் துறைத் தலைவர். இலஞ்சி போகும் வழியிலுள்ள கல் மண்டபத்தின் கூரை ஓவியத்தைப் பற்றி அவர் எழுதிய புத்தகம்தான் அங்கே பாடம். அந்த ஓவியத்தின் நடுவில் ஒரு நீலப் படகு. ஓவியம் வரைந்த காலத்திலேயே அதுவும் வரையப்பட்டது, முந்நூறு வருடப் பழமை என்பது அவர் முடிவு. படகைப் பிற்காலத்தில் யாரோ சேர்த்திருக்கிறார்கள் என்று ஷிஃபா நாலாவது அத்தியாயத்தில் எழுதியிருந்தாள்.

"எடுக்கலன்னா, சார்?"

"மதுரையிலேருந்து வாரவங்க கொடஞ்சி கொடஞ்சி கேப்பாங்க. நான் உனக்காகப் பேச மாட்டேன்."

அன்று சாயங்காலம் முழுக்க அந்தப் பன்னிரண்டு பக்கங்களை உருவுவதும் திரும்பச் செருகுவதுமாக இருந்தாள். பைண்டிங் கடையை அடைக்கும் நேரத்தில், உருவாமலே கொடுத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் தேர்வறையில் ஞானதுரை பக்கங்களைப் புரட்டினார். நாலாவது அத்தியாயம் வந்ததும் அவர் விரல் நின்றது. பக்கத்தில் இருந்த, மதுரையிலிருந்து வந்த தேர்வாளர் உலகம்மை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்.

"உங்க சார் புத்தகத்தையே மறுத்து எழுதியிருக்கீங்க. ஆதாரம் என்ன?"

ஷிஃபா திரையில் ஒரு படத்தைப் போட்டாள்.

"மேடம், படகுக்குக் குறுக்க கூரையில ஒரு விரிசல் ஓடுது. நீலம் அந்த விரிசலுக்குள்ள எறங்கியிருக்கு. விரிசல் விட்ட பெறகுதான் அந்தப் பெயிண்ட் அடிச்சிருக்காங்க."

"விரிசல மட்டும் பின்னால யாராவது பூசியிருக்கலாம்லா?" என்றார் ஞானதுரை. குரல் உயரவில்லை. ஆனால் காது மடல் சிவந்திருந்தது.

"அப்படின்னா பழைய நீலம் ரெண்டு கரையிலயும் உடைஞ்சி நிக்கணும், சார். இங்க ஒரே தூரிகை இழுப்பு விரிசலத் தாண்டிப் போகுது. நீலத்துக்கு அடியில சுண்ணாம்பும் பூசியிருக்கு. மத்த நிறத்துக்கு அடியில அது இல்ல."

"போட்டோவுல நெழலுகூட அப்படித் தெரியும்."

உலகம்மை இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்தார். "மண்டபம் எவ்வளவு தூரம்? நேர்ல பாத்துருவோமே."

கல்லூரி வேனில் ஒரு ஏணியையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். மண்டபத்தில், கூட வந்த ஷிஃபாவின் வகுப்புத் தோழன் ஜெஸ்வின் ஏணியைச் சாத்திப் பிடித்துக்கொண்டான். சாரல் உள்ளே அடித்து ஏணிப்படி வழுக்கியது. ஷிஃபா ஏறப் போனாள்.

"நில்லு. நான் ஏறுதேன்" என்றார் ஞானதுரை.

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். டார்ச்சையும் லென்ஸையும் படகுக்கு அருகே கொண்டுபோனார். கீழே மூன்று பேரும் கழுத்தை நிமிர்த்தி நின்றார்கள். வெளிச்சம் விரிசல் வழியே மெல்ல நகர்ந்தது, நின்றது, திரும்பி வந்தது, மறுபடி நின்றது. ஷிஃபாவுக்குச் சட்டென்று ஒரு பயம் வந்தது. ஒருவேளை வெறும் நிழல்தானோ? தான் பார்த்ததே தப்போ?

"சார்?" என்று உலகம்மை கூப்பிட்டார்.

ஞானதுரை இன்னும் இரண்டு படி ஏறி, முகத்தைக் கூரையோடு ஒட்டிவைத்துப் பார்த்தார். அப்புறம் டார்ச்சை அணைத்தார்.

"பிள்ள சொல்லுதது சரிதான். உள்ள வரைக்கும் எறங்கியிருக்கு."

இறங்கியதும் லென்ஸைச் சட்டையில் துடைத்துக்கொண்டே நின்றார். ஷிஃபாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"இருபது வருசமா கீழ நின்னே பாத்துருக்கேன், மேடம்" என்றார் உலகம்மையிடம். "ஒரு ஏணி வச்சி ஏறணும்னு தோணல."

வெளியே வந்தபோது ஷிஃபாவுக்கு ஜெயித்த மாதிரி இல்லை. அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது.

அவளுக்கு முதல் வகுப்பு கிடைத்தது. ஞானதுரை அதன்பிறகு அவளிடம் அதிகம் பேசவில்லை. வராந்தாவில் எதிர்ப்பட்டால் தலையசைப்பார், அவ்வளவுதான். ஆனால் அடுத்த வாரம் முதலாமாண்டு வகுப்பில் தன் புத்தகத்தைத் திறந்து, படகைப் பற்றிய பத்தியைப் பேனாவால் அடிக்கச் சொன்னாராம். யார் கண்டுபிடித்தது என்று ஒரு மாணவி கேட்டிருக்கிறாள். ஷிஃபாவின் பெயரைக் கரும்பலகையில் முழுசாக எழுதிப் போட்டாராம்.