தட்டுக்கு ஒரு புழு

எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் புழு வளர்க்கிறோம். பிழைப்பே அதுதான். விதைக் கம்பெனிகள் பருத்திச் செடி அனுப்பும். அதன் இலையையும் காயையும் காய்ப்புழுவுக்குக் கொடுத்து, புழு சாகிறதா பிழைக்கிறதா என்று பார்த்துச் சொல்வோம். என் கணவர் பூச்சிகளை ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். ஊரே டாக்டர் என்று கூப்பிடுகிறது, நானும் அப்படியே கூப்பிடுகிறேன். பெருமைக்காக இல்லை. "என்னங்க" என்று கூப்பிட இப்போதெல்லாம் வாய் வருவதில்லை.

புழுவைப் பார்த்து எனக்கு அருவருப்பு வந்ததே கிடையாது. முட்டை பொரிந்த நாளிலிருந்து கடலை மாவும் ஈஸ்டும் கிளறிப் போடுகிறவள் நான்தான். அறைக்குள் எந்நேரமும் புளித்த மாவு வாடையும் எச்ச வாடையும் அடிக்கும். தலைமுடியில்கூட ஒட்டிக்கொள்ளும். எல்லாம் பழகிவிட்டது. ஆனால் காய்ப்புழுவிடம் ஒரு கெட்ட குணம் உண்டு. கொஞ்சம் வளர்ந்த புழுக்கள் இரண்டை ஒரே கிண்ணத்தில் விட்டால் காலையில் ஒன்றுதான் இருக்கும். மற்றது அதன் வயிற்றில் இருக்கும். அதனால்தான் கிண்ணத்துக்கு ஒன்றாக விடுகிறோம். இந்தத் தொழிலின் முதல் பாடமே அதுதான். எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே டாக்டர்தான்.

இந்த முறை வந்தது மரபணு மாற்றிய பருத்தி. புழுவைக் கொல்லும் விஷத்தைச் செடியே உள்ளுக்குள் தயாரித்துக்கொள்ளும், மருந்து அடிக்கவே வேண்டாம் என்று சொல்லி விற்கிறார்கள். முழுப் பொய்யும் இல்லை. வேளாவேளைக்குத் தண்ணீர் விட்ட செடியைக் கடித்த புழுக்கள் கறுத்துச் சுருங்கிச் செத்தன. அடுத்த கண்ணாடி அறையில் சூட்டை ஏற்றி, தண்ணீரைக் குறைத்து வளர்த்த செடிதான் காலை வாரியது. தனக்கு மிஞ்சித்தானே தானமும் தருமமும்? உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்கவே திணறுகிற செடி விஷத்துக்கு எங்கே போகும்? அதைத் தின்ற புழுக்கள் கொழுகொழுவென்று வளர்ந்தன. மறுபடியும் வைத்துப் பார்த்தோம். மறுபடியும் கொழுத்தன.

வெளியிலும் அதே சூடுதான். மழை ஏமாற்றிவிட்டது. என் தம்பி குத்தகை நிலத்தில் இந்த விதையைத்தான் போட்டிருந்தான். தினமும் போன் வரும்.

"அக்கா, மொட்டெல்லாம் கொட்டுது. காயில ஓட்டை தெரியுது. மருந்து அடிக்கணுமான்னு மாமாகிட்ட கேட்டுச் சொல்லேன். கடைக்காரன் வேணாங்கறான்."

"கொஞ்சம் பொறுடா. முடிவு வந்துடும்."

"கிணத்துக்காரரும் கேட்டுக்கிட்டே இருக்காரு. மாமா சோதிக்கற விதைன்னு நான் சொல்லித்தான் அவரும் போட்டாரு."

கிணற்றுக்காரர் பக்கத்து நிலத்துக்காரர். தன் பயிர் வாடுகிற நேரத்திலும் தம்பியின் நிலத்துக்குத் தண்ணீர் திருப்பி விடுகிற மனிதர்.

இரண்டாவது தடவையும் புழுக்கள் பிழைத்த அன்று டாக்டர் என்னிடம் வந்தார்.

"கிண்ணம் பத்தல. சூட்டறைச் செடிக்கு வைக்கிற புழுவையெல்லாம் தட்டுல போட்டுடு. தட்டுக்குப் பத்து."

"அலமாரி நிறைய கிண்ணம் இருக்கே!"

"சொன்னதைச் செய்யேன்."

"ஒண்ணை ஒண்ணு தின்னுடுமே. நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க?"

நான் தொடவில்லை. அவரே இடுக்கியை எடுத்து, நன்றாக வளர்ந்த புழுக்களாகப் பார்த்துப் பொறுக்கி, தட்டுக்குப் பத்தாக விட்டார். பத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு இலை வைத்தார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சாதாரணப் பருத்தி தின்னும் புழுக்களை மட்டும் தனித்தனிக் கிண்ணத்தில் பத்திரமாக விட்டுவைத்தார்.

மூன்றாம் நாள் காலையில் தட்டுக்கு ஒரு புழு இருந்தது. வழவழவென்று ஊதிப்போய்க் கிடந்தது. அதைச் சுற்றித் தோல் துணுக்கும், தின்னாமல் விட்ட தலைகளும், பச்சைக் கசிவும். டாக்டர் குனிந்து எண்ணினார்.

"பத்து போட்டோம், ஒண்ணு இருக்கு. ஒம்பது செத்துடுச்சு. தொண்ணூறு சதவீதம்."

கை கழுவும் தொட்டியில் வாந்தி எடுத்தேன். அது புழுக்களால் வந்த வாந்தி இல்லை. பக்கத்தில் நின்று இடுக்கியை அலசியபடியே, அடுத்த வருஷ வேலையையும் கம்பெனிக்காரன் நமக்கே தருவதாகச் சொல்லியிருக்கிறான் என்றார் அவர். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்களே, அந்த ரகம்.

மறுநாள் மதியம் தம்பி நேரிலேயே வந்துவிட்டான். பை நிறைய ஓட்டை விழுந்த காய்கள். இரண்டு பேருக்கும் சாப்பாடு போட்டேன்.

"கவலையே படாத மச்சான். தொண்ணூறு சதவீதம் புழு செத்துடுச்சு. மருந்துக்குக் காசைக் கரியாக்காத" என்று டாக்டர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

சொந்த மச்சானிடமே! நான் கீழே போய், ஒரு கிண்ணத்தில் பெரிய புழுக்கள் இரண்டை விட்டுக் கொண்டுவந்து தம்பியின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இதுல இலையே இல்ல. பாருடா."

ரொம்ப நேரம் ஆகவில்லை. ஒன்று நகர்ந்து போய் மற்றதன் இடுப்பைக் கடித்தது. பச்சையாகக் கசிந்தது. தம்பியின் கை பாதியில் நின்றது.

"உங்க மாமாவோட தொண்ணூறு சதவீதம் இப்படித்தான் வந்துச்சு. ஒண்ணை ஒண்ணு தின்னதையெல்லாம் செடி கொன்னதா கணக்கு எழுதியிருக்காரு. செடி ஒண்ணையும் கொல்லல."

டாக்டர் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும். அவர் சிரித்தார்.

"சரி மச்சான், உனக்கு எதுக்கு ஒளிக்கணும்? நாளைக்கே மருந்து அடிச்சிடு, பேர் எழுதித் தரேன். ஆனா இது நம்ம குடும்பத்தோட இருக்கட்டும். ரிப்போர்ட் போயாச்சு."

தம்பி இன்னொருவரைப் பற்றிக் கேட்பான் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. நானே கேட்டேன்.

"அப்ப கிணத்துக்காரர்?"

"அவருக்குக் கம்பெனி சொல்லும்" என்றார் டாக்டர்.

தம்பி கை கழுவிவிட்டு வந்தான். என் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"மாமா சொல்றதும் சரிதான்க்கா. வெளிய தெரிஞ்சா உங்க பொழப்பு போயிடும். அவர் கேட்டா, இன்னும் முடிவு வரலைன்னு சொல்லிக்கறேன்."

"அவர் தண்ணியிலதானேடா உன் பயிர் நிக்குது?"

மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவன். இவன் நிலம் பிழைக்கட்டும் என்றுதான் அத்தனையும் செய்தேன். பிழைத்துவிட்டது. அந்த மேசையில் யாரைப் பார்த்தாலும் எனக்கு அருவருப்பாக இருந்தது. கிண்ணத்தில் ஒரு புழுதான் மிச்சம் இருந்தது.

கீழே போய், சூட்டறைக் காய் ஒன்றை, அதைத் தின்று கொழுத்த புழுவோடு ஒரு கிண்ணத்தில் போட்டு மூடினேன். வாசலுக்குப் போய்த் தம்பியின் வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

"எங்கக்கா?"

"கிணத்துக்காரர்கிட்ட."

"எறங்குக்கா. மாமா பாக்கறாரு."

"பாக்கட்டும். நீ எடுக்கலேன்னா பஸ்ல போறேன். வழி தெரியாது, ஊரெல்லாம் விசாரிச்சுக்கிட்டே போவேன். யாரோட அக்கா, எதுக்கு வந்தேன்னு கேப்பாங்க. சொல்லுவேன்."

வண்டியைக் கிளப்பினான்.

கிணற்றுக்காரர் மண்வெட்டியோடு வாய்க்காலில் நின்றிருந்தார். தண்ணீர் தம்பியின் நிலத்துப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"முடிவு வந்துடுச்சா தம்பி? மருந்து அடிக்கலாமா, வேணாமா?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். நான் மூடியைத் திறந்து கிண்ணத்தை அவரிடம் நீட்டினேன்.